மெழுகுத்தூண்: ஒரு திருத்தம்

1

இந்தக் கதை இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டியது. ஒரு வார இதழில் ஒன்பது வருடமாகச் செடிகொடிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவருகிறேன். அதில் வந்த ஒரு கட்டுரையில் பிழை நேர்ந்துவிட்டது. 'திருத்தம்' என்று தலைப்பிட்டு இரண்டு வரி எழுதி ஆசிரியருக்கு அனுப்பினேன். "ரெண்டு வருஷம் கழிச்சு இதைப் போட்டா படிக்கறவங்க குழம்பிடுவாங்க சார், விடுங்க" என்றார். விட்டேன். ஆனால் அந்த இரண்டு வரி என்னை விடவில்லை. ஊறி ஊதி இத்தனை பக்கமாகிவிட்டது.

'பிழை நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். அதுவாக நடந்து வந்து நேர்ந்த மாதிரி. மறுபடி எழுதுகிறேன்: பொய் எழுதினேன். ஒரே ஒரு சொல்லில்தான் பொய். 'அக்கா' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நான்' என்று போட்டேன்.

அதனால் இந்தக் கதையில் வருகிறவனைத் 'தம்பி' என்றே எழுதப்போகிறேன். அவன் நான்தான், இதில் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் 'நான்' என்ற சொல்லை ஏற்கெனவே ஒரு தடவை தகாத இடத்தில் உட்காரவைத்தாகிவிட்டது. இந்த முறை அது வெளியே நின்று கதை சொல்லட்டும். அக்காவின் வீட்டுக்குள் தம்பி போய்வருவான்.

2

முதல் வரிக்கு நாயாய் அலைந்தேன். கிழித்துப் போட்டவற்றில் இரண்டு:

'தூண்போல் நிமிர்ந்து வளரும் கள்ளிகளில் எப்போதாவது ஒன்று, தான் எப்படி வளர வேண்டும் என்பதையே மறந்துவிடும். அந்த மறதியின் அழகை...'

இது என் பத்திரிகைப் பக்கத்தின் குரல். இந்தக் குரலில்தான் அந்தப் பொய்யையும் எழுதினேன். வேண்டாம்.

'அக்காவுக்கும் தம்பிக்கும் ஆறு வயது வித்தியாசம். அம்மா அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் அவனுக்குத் தலைசீவி, ஷூவுக்கு நாடா கட்டி, பள்ளிக்கூடத்து வாசல்வரை...'

இதுவும் வேண்டாம். எல்லாம் உண்மைதான். ஆனால் குற்றத்தைச் சொல்வதற்கு முன்பே உங்கள் கண்ணைக் கலங்கவைத்துத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் வேலை இது. ஆகவே இப்படித் தொடங்குகிறேன்:

"மூச்சை இழுங்க. அடக்குங்க. அப்படியே இருங்க. விடுங்க."

அக்கா இதை ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது சொல்வாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஜன்னல் இல்லாத அறை. ஈயத்தகடு அடித்த கனமான கதவு, அதற்கு மேலே சிவப்பு விளக்கு, நோயாளிகள் கழற்றும் சங்கிலியையும் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் போட ஒரு நீலத் தட்டு. இருபத்தாறு வருடம் அங்கே. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூச்சக்கா. டாக்டர்களில்கூடப் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிற தினுசிலேயே எலும்பு முறிந்திருக்கிறதா, சுளுக்கா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். படம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் சொல்லக் கூடாது. "உடைஞ்சிருக்காம்மா?" என்று எல்லாரும் கெஞ்சுவார்கள். "டாக்டர் சொல்வாங்க" என்று மட்டும்தான் அவள் சொல்ல வேண்டும். ஒரு முறை புதிதாக வந்த டாக்டர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றபோது, இடப்பக்கம் மூன்றாவது விலாவை இன்னொரு தடவை பார்க்கும்படி மெல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் பார்த்தார், முறிவு இருந்தது, தான் கவனித்ததாக அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று வீட்டுக்கு வந்து அக்கா அதை நடித்துக் காட்டிச் சிரித்தாள். தம்பி அப்போது அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

(இதை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதுதான் தொல்லை. அவள் செய்கிற வேலை எல்லாம் இன்னொருவர் கையெழுத்தில்தான் வெளியே போகிறது என்பது தம்பிக்குத் தெரியாது என்று ஒரு கையெழுத்துப் படியில் எழுதிப் பார்த்தேன். தெரியும்.)

3

அக்காவின் வீடு ஐந்தாவது மாடி. அதற்கு மேல் மொட்டைமாடி. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டையும் அவரே பார்த்துக்கொள்வதால் மேலே மோட்டார் அறையின் சாவியும் மாடிக்கதவின் சாவியும் அவர் இடுப்பில் தொங்கும். அந்தச் சலுகையில் மோட்டார் அறைச் சுவரை ஒட்டி அக்கா முப்பது தொட்டி வைத்திருந்தாள். எல்லாம் கள்ளி. நாளெல்லாம் வெயில் நுழையாத அறையில் இருந்துவிட்டு வருகிறவள், வெயிலைத் தவிர வேறொன்றும் கேட்காத செடியாகத் தேடிப் பிடித்தாள் என்று ஒரு வரி எழுதினேன். அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. தெனம் தண்ணி ஊத்த அவளுக்கு நேரம் கிடையாது" என்றார். வரியை எடுக்க மனசு வரவில்லை, ஆனால் அத்தான் சொன்னதுதான் சரி.

அந்தத் தொட்டிகளில் ஒன்றில் தூண்கள்ளி. ஆள் உயரம், உடம்பில் மேலிருந்து கீழாக ஆறு வரம்பு, ஒவ்வொரு வரம்பிலும் தையல் போட்டதுபோல் வரிசையாக முள். தண்ணீர்த்தொட்டி மாற்ற வந்தவர்கள் இரும்புக் குழாயை அதன்மேல் சாய்த்து நுனியை ஒடித்துவிட்டார்கள். சில மாதம் கழித்து, ஒடிந்த இடத்துக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்தில், சுவர்ப்பக்கமாக ஒரு கிளை முளைத்தது. அதற்கு வரம்பு இல்லை, முள்ளும் இல்லை. எரிந்து வழிந்து உறைந்த மெழுகுவத்தி மாதிரி மேடும் பள்ளமுமாக, தொட்டால் வழுவழுவென்று, பச்சையாக ஒன்று.

"என்னடி இது, செடிக்குக் கட்டி கிட்டி வந்திருக்கா?" என்றார் அத்தான்.

அக்கா அதைத் தொடாமல் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சாண் வளர்ந்தது. மொழுக்கன் என்று பெயர் வைத்தாள். பிறகு ஒரு நல்ல வெயில் நாளில் கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, கிளை ஒடுங்கியிருந்த இடத்தில் ஒரே இழுப்பில் வெட்டினாள். பென்சில் சீவுவதுபோல் வெட்டுவாயின் ஓரத்தைச் சாய்த்துச் சீவினாள். நடுவில் இருக்கும் வளையத்திலிருந்துதான் வேர் வரும், தோல் சுருங்கி அதை மூடிவிடக் கூடாது. துண்டைக் காலி டம்ளரில் நிமிர்த்தி நிழலில் வைத்தாள். படுக்கவைத்தால் வளையும், விலாவில் வேர் விடும். வெட்டுவாய் காய்ந்து செருப்புத் தோல் மாதிரி ஆன பிறகு உடைத்த செங்கல்லும் பெருமணலும் ஒரு கைப்பிடி எருவும் கலந்து நட்டாள். சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

பதினோராம் நாள் அழுகிப்போனது.

அடிக்கட்டையிலிருந்து அதே போல இன்னொரு கிளை வர ஒன்றரை வருடம். அதை வெட்டி நட்டதும் போனது. மூன்றாவதை நடுவதற்கு முன், உள்ளுக்குள்ளேயே அழுகல் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சாப்பாட்டுப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள். வெளிநோயாளிக் கூட்டம் வடிந்த பிற்பகலில், காலாவதியாகிக் கழித்துப் போட வைத்திருந்த ஃபிலிம் ஒன்றில் அதைப் படம் எடுத்தாள். சதை புகை மாதிரி விழுந்திருந்தது. நடுவில் கூடை பின்னியதுபோல வெள்ளையாகக் கட்டை. கறுப்புத் திட்டு எங்கேயும் இல்லை. பழக்கதோஷத்தில் மூலையில் தேதி, வலப்பக்கம் என்பதற்கான ஈய எழுத்து, எல்லாம் வைத்திருந்தாள். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் மொழுக்கன் என்று எழுதினாள்.

அது பிழைத்தது. மெல்ல அசைத்துப் பார்க்கும்போது மண்ணுக்குள்ளிருந்து ஏதோ பிடித்து இழுப்பதுபோல் இருந்த அன்று, மாடியிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் அத்தான் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்தாராம்.

பதினொரு வருடத்தில் ஐந்து செடி. இடையிடையே மொழுக்கனிலிருந்து முள் வைத்த பழைய கிளை மறுபடி தலைகாட்டும். விட்டால் அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். பார்த்த அன்றே கிள்ளி எறிய வேண்டும். இதைக்கூட அவளே நட்டு, இழந்து, தெரிந்துகொண்டதுதான்.

4

ஐந்தில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். இரண்டை ஆஸ்பத்திரியில் வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள், அவர்கள் பாசத்தோடு தண்ணீர் ஊற்றிக் கொன்றார்கள். மிச்சம் இரண்டு மாடியில், தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே.

தம்பி புது வீட்டுக்குக் குடிபோயிருந்தான். மேற்கு பார்த்த பால்கனி. அக்காவே நேரில் கொண்டுவந்து, எங்கே வைக்க வேண்டும், எந்த மாதத்தில் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது சொன்னாள்:

"இதைப் பத்தி உன் பக்கத்துல எழுதறதுன்னா எழுதுடா. ஆனா துண்டு கேட்டு வர்றவங்களுக்கு எப்படி நடணும்னு ஒழுங்கா சொல்லிக்குடு. சாகடிச்சுடுவாங்க."

ஆக, எழுத அனுமதி இருந்தது. துண்டு கொடுக்கவும் அனுமதி இருந்தது. அவள் எதையும் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே வந்து இந்தத் தம்பிமேல் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. எதற்காகச் செய்தான்? சரியான காரணம் கிடைக்காவிட்டால் பாத்திரம் நிற்காது என்பார்கள். முதல் படியில், 'அக்கா கதையெல்லாம் யாருக்கு வேணும், நீங்க கண்டெடுத்ததா எழுதுங்க' என்று ஆசிரியர் வற்புறுத்துவதாக ஒரு காட்சி வைத்திருந்தேன். ஆசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த மனிதர் என் பக்கத்தைப் படிக்கிறாரா என்பதே சந்தேகம். அடுத்த படியில், சின்ன வயதிலிருந்தே அக்காமேல் பொறாமை என்று எழுதினேன். அதுவும் இல்லை. பொறாமை என்றாலாவது ஒரு கௌரவம் உண்டு.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை. ஐந்து மணிக்குள் பக்கம் போயாக வேண்டும். 'லிஃப்ட் மெக்கானிக்கை மணந்த என் அக்கா, தன் குடியிருப்பின் மொட்டைமாடியில்' என்று ஆரம்பித்தான். வாக்கியம் நொண்டியது. 'என் பால்கனியில்' என்று மாற்றிப் பார்த்தான். ஓடியது. அதற்கப்புறம் எல்லாமே ஓடியது. இரண்டு வருடம் தொடாமல் காத்திருந்ததும், பதினோராம் நாள் அழுகிப்போனதும், அசைத்துப் பார்த்தபோது மண்ணுக்குள்ளிருந்து பிடித்து இழுத்ததும், எல்லாம் அவனுக்கே நடந்தன. மொழுக்கன் என்ற பெயர் அச்சில் நன்றாக இருக்காது என்று மெழுகுத்தூண் என்று வைத்தான். ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டு, பால்கனியில் போய் நின்று, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டான்.*

(* அந்த வாரம் அந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்கள் நாற்பத்தொன்று. அதற்கு முன் அதிகபட்சம் மூன்று.)

வாசகர்கள் தேடி வந்தார்கள். தம்பி துண்டு வெட்டிக் கொடுத்தான். சீக்கிரம் வளரட்டும் என்று வேறொரு கள்ளித் தண்டின்மேல் ஒட்டுப்போடவும் கற்றுக்கொண்டான். அக்காவிடம் நாலு விரல்கடை வளர்ந்தது இவனிடம் ஒரு வருடத்தில் ஒன்றரைச் சாண் வளர்ந்தது. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. தாராளமாகக் கொடுக்கிற மனிதர் என்று பெயர் வந்தது. 'எழுதிட்டேன்க்கா, நல்ல வரவேற்பு' என்று அவளிடம் சொன்னபோது, அவள் பக்கத்தைக் கேட்கவில்லை. நாலு வீட்டில் பிழைத்தால் சரி என்றாள்.

5

கட்டுரை வந்து ஐந்து மாதம் கழித்து, பைக்கிலிருந்து விழுந்த ஒருவர் நெஞ்சுவலி என்று அக்காவின் அறைக்கு வந்தார். ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் கிடக்கும் பழைய இதழ் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அதை வாங்கி நீலத் தட்டில் போட்டாள். சுருள் பிரிந்தது. அவள் செடி.

என்ன பக்கம் இது என்று கேட்டாள். வலியையும் மறந்து அவர் விளக்கினார். அருமையான செடியாம், எழுதுகிறவரின் பால்கனியில் தானாகவே முளைத்ததாம், இரண்டு தடவை அழுகியும் மனுஷன் விடாமல் காப்பாற்றினாராம், பொறுமை என்றால் அதுதானாம்.

அவரைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, தோளைச் சரிசெய்து, "மூச்சை இழுங்க. அடக்குங்க" என்றாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். தட்டிலிருந்து எடுத்த இதழ் அவள் கையில் இருந்தது. பொத்தானை அழுத்தினாளா, அதற்கு முன்பே படிக்க ஆரம்பித்துவிட்டாளா என்று அவளுக்கே நினைவில்லை. படித்துக்கொண்டே இருந்தாள். பலகையோடு நின்றவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் பெரிய இருமலாக வெடித்து, "ஏம்மா, விடலாமா?" என்றார்.

படம் கலங்கியிருந்தது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை எடுத்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். 'நோயாளி அசைந்தார்' என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அக்கா 'என் தவறு' என்று எழுதினாள்.

சாயங்காலம் அத்தானிடம் இதைத் தமாஷாகத்தான் சொன்னாளாம். அந்த ஆள் மூச்சடக்கி நின்றதை அப்படியே நின்று காட்டினாளாம். அத்தான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அப்படி என்னதான் படிச்சே?" என்று கேட்டிருக்கிறார். சொன்னாள்.

தம்பிக்கு அவள் போன் செய்யவில்லை. அவனாகப் பேசும்போதும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

6

இரண்டு மாதம் சென்று, ஒரு ஞாயிறு காலை, நூலகம் ஒன்றின் மேல்மாடிக் கூடத்தில் கள்ளி வளர்ப்பவர்களின் கூட்டம். மெழுகுத்தூணை வெட்டி நடுவது எப்படி என்று தம்பி செய்துகாட்ட வேண்டும். நாற்பது நாற்காலி, மேசைமேல் செய்தித்தாள் விரிப்பு, கத்தி, ஸ்பிரிட், ஒரு மைக். மைக்கைத் தட்டிப் பார்த்துத் தலை நிமிர்ந்தபோது கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் பெரிய பழுப்பு உறை. எக்ஸ்ரே படம் வைக்கிற உறை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தப் படத்தை அவன் பல தடவை பார்த்திருக்கிறான். மூலையில் தேதி இருக்கும்.

ஒரு வாக்கியம் போதும். 'அதோ கடைசி வரிசையில் இருக்கிறாரே, அவர்தான்' என்று கை காட்டினால் போதும். கை தட்டியிருப்பார்கள். அவனையும்கூடப் பெருந்தன்மைக்காரன் என்றிருப்பார்கள். அந்த வாக்கியத்தைத் தம்பிக்காகப் பதினொரு விதமாக எழுதிப் பார்த்தேன். எந்தப் படியிலும் அவன் வாய் திறக்க மறுக்கிறான். அவன்...

வெட்டிக் காட்டினான். சீவிக் காட்டினான். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். அக்கா எழுந்தாள்.

"தாய்ச்செடில அந்தக் கிளை எந்த இடத்துல வந்துச்சு?"

தம்பி இதை அவளிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. நெஞ்சு உயரத்தில், நல்ல வெயில் படுகிற பக்கத்தில் என்றான்.

"அந்தத் தாய்ச்செடி இப்ப எங்க இருக்கு?"

போன வருடக் காற்றில் சாய்ந்து, அழுகி, செத்துப்போய்விட்டது என்றான். நாற்பது பேரும் 'அடடா' என்றார்கள்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள். உறையின் நூலைப் பிரித்தாள். மறுபடி சுற்றிக் கட்டினாள். கூட்டம் முடிவதற்கு முன்பே போய்விட்டாள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குப் பெரிய சங்கடம். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே எடுக்காத பாத்திரத்தை வாசகர் நம்ப மாட்டார். அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு எதற்கு வந்தாள்? அத்தானிடம்தான் கேட்டேன். அவர் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நாப்பது பேர் முன்னாடி உன்னைப் பொய்யன்னு காட்டறதுக்கா வந்தா? நீ என்ன பண்றேன்னு பாக்க வந்தா. பாத்துட்டா."

7

அந்த வருடம் மழை விடாமல் அடித்தது. வழக்கமாக முதல் தூறல் விழுந்ததுமே அக்கா தொட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் இழுத்துக் கட்டிவிடுவாள். இந்த முறை ஷீட் மோட்டார் அறைக்குள் மடித்தபடி கிடந்தது. கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து அவள் மாடிக்கே வருவதில்லை என்றும், செடி அடியில் நைந்து நாற்றமடிக்கிறது என்றும் அத்தான்தான் தம்பிக்கு போன் செய்தார்.

தம்பி கத்தி, ஸ்பிரிட், கந்தகப் பொடி எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடினான். மழை வெறித்திருந்தது. பக்கத்துத் தொட்டிகள் இரண்டிலும் மொழுக்கன் உருக்குலைந்து சரிந்துவிட்டிருந்தது. தாய்ச்செடியின் அடி பழுப்பாக, அழுத்தினால் விரல் உள்ளே போகிற பதத்தில். ஆனால் முழங்கால் உயரக் கிளையில் மேலே ஒரு முழம் இன்னும் கெட்டியாக, பச்சையாக இருந்தது. வெட்டி, நடுக்கட்டை வெள்ளையாகத் தெரிகிற வரை மேலே மேலே சீவிக்கொண்டே போனால் காப்பாற்றிவிடலாம். இதை அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

அக்கா மாடிக்கு வந்து கதவருகே நின்றாள்.

"அக்கா, மேல ஒரு முழம் சுத்தமா இருக்கு. வெட்டிக் காய வெச்சா பிழைச்சுக்கும்."

"வேண்டாம்."

"அழுகல் ஏறிட்டே இருக்குக்கா. நாளைக்குன்னா இதுவும் போயிடும்."

"அது போன வருஷமே செத்துப்போச்சே. நீதான சொன்னே."

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். தான் செய்தது தப்பு என்றான். அதைச் சொல்வதற்கு அவனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

"தெரியாம பண்ணியிருந்தா தப்பு. சொல்லிக்குடுத்திருப்பேன்."

அவனுக்கு அழுகை முட்டியது. அழுதுவிட்டால் அவள் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று நினைத்து அடக்கிக்கொண்டான். (அப்படி நினைத்து அடக்கினான் என்று எழுதுவது அவனுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது. உண்மையில் அழுதான். அவள் சமாதானப்படுத்தவில்லை.) தன்னிடம் முப்பது செடி இருக்கிறது என்றான். எல்லாமே இதனுடைய துண்டுதான், இதே உடம்புதான், எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து வைத்துவிடுகிறேன், ஒன்றுகூடக் குறையாது என்றான்.

"செடியைப் பத்தியாடா நான் பேசிட்டிருக்கேன்?"

கத்தியைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கீழே ஈரமாக இருக்கிறது, வழுக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள். அத்தான் தம்பியை லிஃப்டில் கூட்டிக்கொண்டு வந்தார். லிஃப்டுக்குள் நுழைந்தாலே கயிறு, பிரேக் என்று பேச ஆரம்பித்துவிடுகிற மனிதர், ஐந்து மாடிக்கும் இடுப்புச் சாவியை உருட்டிக்கொண்டே வந்தார்.

ஒன்பது நாளில் அந்த ஒரு முழமும் போய்விட்டது.

8

முடிவுகள்.

ஒரு முடிவு இப்படி: அன்று தம்பி போன பிறகு அக்கா மனசு கேட்காமல் மாடிக்குப் போய், நல்ல பாகத்தில் விரல் அளவுக்கு வெட்டி, சமையலறை ஜன்னலில் காலி டம்ளரில் நிறுத்திவைக்கிறாள். யாருக்கும் சொல்லவில்லை. இதை மிக அழகாக எழுதியிருந்தேன். அடுத்தடுத்து அவள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல், பரண், ஃப்ரிட்ஜின் தலைமாடு எல்லாம் பார்த்தேன். டம்ளர் இல்லை. எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: தம்பி அந்தப் பக்கத்தை எழுதுவதையே விட்டுவிடுகிறான். தண்டனைபோல இருக்கும், படிக்கிறவருக்கும் ஆறுதல். ஆனால் விடவில்லை. போன வாரம்கூட ரோஜாவில் மாவுப்பூச்சி பற்றி எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது முடிவில்... சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் 'தம்பி'யை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டிருப்பதும் நன்றாக இல்லை.

சென்ற சனிக்கிழமை, இந்தக் கதையை ஏழாம் பகுதிவரை அச்செடுத்துக்கொண்டு பிற்பகலில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலையாக வெளியே போயிருந்தார். அவள் ஆஸ்பத்திரிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். படிக்க வேண்டும் என்றேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இருபத்தைந்து நிமிடம். ஒரு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, எல்லாத் தாளையும் மேசைமேல் தட்டி ஓரம் சேர்த்து, என்னிடம் நீட்டினாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க."

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'ங்க' போட்டுப் பேசுவதில்லை. நாற்பத்தேழு வருடமாக அவளுக்கு நான் 'டா'. மாடியில் அந்த ஈரத்தில் நின்று பேசியதுதான் கடைசி 'டா' என்பது அப்போதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு இடைப்பட்ட மாதங்களில் என்னிடம் நீ என்றோ நீங்கள் என்றோ சொல்லாமல், 'சாப்பாடு ஆச்சா', 'மழை வருமா' என்று பெயருக்கும் மரியாதைக்கும் இடமில்லாத வாக்கியங்களாகப் பார்த்துப் பேசியிருக்கிறாள். எழுதுகிறவன் நான். அதைக் கவனிக்கவே இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். கொடுக்காதே என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொடு என்றாலும் பரவாயில்லை என்று இருந்தது.

"உங்க கதை. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றாள்.

கோபமாக இருந்தால் எழுதிவிடலாம். குத்தலாக இருந்தாலும் எழுதிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் இருந்தது. இஸ்திரிப் பெட்டியை மறுபடி போட்டாள், அது சூடேறும்வரை கோட்டின் காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். வாசல்வரை வந்தாள். அங்கே அவள் ஒன்று சொன்னாள். அதைச் சொன்ன தொனியை எழுத இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். 'கனிவாக' என்று எழுதி அடித்தேன். 'வேண்டாவெறுப்பாக' என்று எழுதி அடித்தேன். சொல்லுக்கு முன்னால் ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறேன். நான் எதை இட்டு நிரப்பினாலும் அது எனக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆகவே நீங்கள் உங்கள் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ அதுதான் இந்தக் கதையின் முடிவு. எனக்குச் சொல்ல வேண்டாம்.

[          ] "பாத்துப் போங்க" என்றாள்.